பதினாறாம் மாதம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வகுப்பு முடிந்தபின் பாலமுனை மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். "சேர், சராசரி பதினஞ்சு மாசம் எண்டு சொல்றாங்க. அப்ப பதினாறாவது மாசம் வாப்பா இருக்கமாட்டாரா?" என்று கேட்டான். நான் கணிதம் கற்பிப்பவன். அவன் கேட்டது கணக்கன்று. ஆயினும் கணக்காகவே விடை கூற வேண்டியிருந்தது.

அவன் தந்தை கடற்றொழிலாளி. விடியற்காலைத் தலையிடியும் வாந்தியும் முதலில் வந்தன. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். பின்பு வலக்கை சோர்ந்தது. பழகிய பொருள்களின் பெயர்கள் நாவில் எழவில்லை. மூளையின் இடப்பாதியில் கட்டி இருப்பதை ஸ்கான் காட்டிற்று. அதன் பெயர் கிளியோபிளாஸ்டோமா. வளர்ந்தோருக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களுள் மிகக் கொடியது.

வெட்டி அகற்றினால் தீராதா என்று வாசகர் கேட்கலாம். இக்கட்டிக்கு எல்லைக்கோடு இல்லை. அறுகம்புல் வேர்போல நல்ல மூளைக்குள் ஓடியிருக்கும். அமெரிக்க வைத்தியர் வால்டர் டான்டி, இத்தகைய கட்டியுடைய சிலருக்கு மூளையின் வலப்பாதி முழுவதையுமே அகற்றியதாக 1928 இல் எழுதினார். அவ்வாறு செய்தும் நோய் அவர்களை விட்டபாடில்லை. ஆதலால் இன்று, பேச்சுக்கும் நடைக்கும் ஊறு நேராத அளவுக்குச் சத்திர சிகிச்சையால் கட்டியை எடுத்துவிட்டு, ஏறத்தாழ ஆறு வாரம் கதிர்ச்சிகிச்சை அளிக்கிறார்கள். அந்நாட்களில் டெமொசோலோமைட் என்ற மாத்திரையும் உண்டு. பின்னர் அதையே 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் வீதம், வழக்கமாக ஆறு சுற்றுக் கொடுப்பர்.

இம்மாத்திரையின் பயனைக் காட்டிய பேராய்வு 2005 இல் வெளிவந்தது. கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். பதினைந்து மாதம் என்ற பேச்சு இங்கிருந்தே வந்தது.

"தம்பி, அது சராசரியன்று, இடையம்," என்றேன். "பாதிப்பேர் அதற்கு முன் மறைந்தனர், பாதிப்பேர் அதைக் கடந்தனர்." இரண்டு ஆண்டின் பின் நூற்றுக்கு 26 பேரும், ஐந்து ஆண்டின் பின் பத்துப் பேரளவிலும் உயிரோடிருந்தனர். வயது, உடல்நிலை, கட்டியின் மரபணுத் தன்மை ஆகியன ஒருவர் எப்பக்கம் நிற்பார் என்பதை ஓரளவு காட்டும். செல்வம் அவ்வளவாகக் காட்டாது. அமெரிக்க செனட்டர்களான எட்வர்ட் கென்னடி 15 மாதமும் ஜோன் மக்கெய்ன் 13 மாதமுமே வாழ்ந்தனர். முற்றாகக் குணமாக்குவோம் என்பவரை நம்பிக் காணியை விற்கப் புறப்படுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. மூளை வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெதசோன் கொடுத்தால் சில நாளிலேயே நோயாளி எழுந்து உலாவுவார். அது குணமன்று. சுகம் வந்துவிட்டதென்று சிகிச்சைக்குப் போகாது விடுவதும், அம்மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அவர்கள் வீட்டிலும் மகரகமைக்குப் போகத்தான் வேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. உம்மா பிடிவாதமாக அழைத்துச் சென்றார்.

திரும்பி வந்தபின், பேச்சுத் தெளிவாயிருந்த நாட்களில், தந்தை மகனை அருகிருத்தி ஓர் அப்பியாசக் கொப்பியில் தம் கடன்களை எழுதுவித்தார். வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என இரண்டு பக்கம். பதினாறாம் மாதத்திலும் அவர் இருந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வபாத்தானார். அப்போது அக்கொப்பியில் வெட்டப்படாதிருந்தவை மூன்று வரிகளே.