கடை மேசையில் கேட்கப்படாத கேள்வி

"முதலாளி, அப்பா ரெண்டு சிகரெட் வாங்கியாரச் சொன்னாரு. கொப்பியில எழுதிக்கச் சொன்னாரு."

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் ஊவாவின் எந்தத் தோட்டத்துக் கடை வாசலில் நின்றாலும் இப்படியான ஒரு குரலைக் கேட்கலாம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, அப்புத்தளை என்று இடம் மாறினாலும் காட்சி மாறுவதில்லை. குரலுக்குரியவருக்கு ஒன்பது வயதிருக்கும், அல்லது பதினொன்று. முதலாளி நிமிர்ந்தும் பார்க்காமல் இரண்டை எடுத்துக் கடதாசித் துண்டில் சுற்றிக் கொடுப்பார். கொப்பியில் ஒரு வரி ஏறும். பிள்ளை லயத்துக்கு ஓடும். இதிலே பிழை இருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. உப்பும் சீனியும் வாங்கி வருகின்ற பிள்ளைதானே, இதையும் வாங்கி வந்தால் என்ன என்பதுதான் வீட்டாரின் எண்ணம்.

ஆனால் சட்டத்தின்படி அந்த இடத்தில் ஒரு குற்றம் நடந்து முடிந்துவிட்டது. குற்றவாளி பிள்ளையல்ல, விற்றவர்.

தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகாரசபைச் சட்டம் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருட்களையோ மதுசாரத்தையோ விற்கக் கூடாது என்று அது கூறுகின்றது. மீறுபவருக்குத் தண்டப்பணமோ சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. "அப்பாவுக்குத்தான் வாங்கினான்" என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது. யார் புகைக்கப் போகிறார் என்பதல்ல கேள்வி. யாருடைய கையில் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

21 வயது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நமது நாட்டில் 18 வயதில் வாக்களிக்கலாம். முன்னர் 21 ஆக இருந்த பராய வயது 1989 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுச் சட்டப்படி திருமணம் செய்யும் வயதும் 18 தான். அப்படியிருந்தும் சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் மட்டும் சட்டம் இன்னும் மூன்று வருடங்கள் காத்திருக்கச் சொல்கின்றது. பழக்கம் பிடிக்கிற வயது இதுவென்பதால், இந்த மூன்று வருடங்களும் வீணானவையல்ல என்பது எனது எண்ணம்.

புகையிலைப் பொருள் என்றவுடன் சிகரெட்டையும் பீடியையும் மட்டுமே நினைக்கிறோம். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதற்குள் அடங்கும். இந்த இடத்தில் ஆண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, சகோதரிகளே. "பாட்டிக்கு ஒரு துண்டு பொகல வாங்கிட்டு வாடி" என்று பேத்தியை அனுப்புகிறவர்கள் நாங்கள்தான். மலையில் கொழுந்தெடுக்கும்போது பசியையும் குளிரையும் மறக்க வெற்றிலை தேவைப்படுகின்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இலங்கை ஆண்களிடையே ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் ஆகும். புகையிலை கலந்த வெற்றிலை அதற்குப் பிரதான காரணங்களில் ஒன்று. பெண்களின் வாயை அது விட்டுவைக்கும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. வாங்கி வருகிற பிள்ளை வழியில் ஒரு நறுக்கை வாயில் போட்டுப் பார்க்காது என்று யார் உறுதி சொல்வது?

அட்டை என்றால் நமக்கு வேறு நினைவு

சட்டம் இப்படியிருக்க, கடைக்காரர் வயதை எவ்வாறு அறிவது? மீசையைப் பார்த்து வயதை மதிப்பிட முடியாது. சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்குச் சங்கடம் தொடங்குகின்றது.

வடக்கு கிழக்கில் வாழும் நமது வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓமந்தையில் வரிசையில் நின்ற நாட்களில் அந்தச் சிறிய அட்டைதான் உயிர். இடம்பெயரும்போது நகையை விட்டுவிட்டு அட்டையை நெஞ்சில் செருகிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குப் பயந்து மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ இரட்டைக் கஷ்டம். பிறந்த இடம் ஒன்று, விலாசம் வேறொன்று. கொழும்புக் கடைகளில் வேலை செய்த தோட்டத்து இளைஞர்கள் பலர் அட்டை இல்லாத ஒரே காரணத்துக்காகப் பொலிஸ் நிலையத்தில் இரவைக் கழித்திருக்கிறார்கள். "ஐ.சி.யைக் காட்டு" என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் வயிறு கலங்குவது இயல்பே.

ஆயினும் சோதனைச்சாவடியில் கேட்பதும் கடையில் கேட்பதும் ஒன்றல்ல. சாவடியில் நீங்கள் மறுக்க முடியாது. கடையில் மறுக்கலாம். மறுத்தால் பொருள் கிடைக்காது, அவ்வளவுதான். நீங்கள் யார், எந்த ஊர், என்ன இனம் என்பதில் கடைக்காரருக்கு அலுவல் இல்லை. பிறந்த திகதி ஒன்றைப் பார்த்தால் போதும். இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவதற்கோ அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதற்கோ எந்தத் தேவையும் கிடையாது. அட்டையில் விலாசமும் இருப்பதால் இளம்பெண்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அட்டையைக் கையில் வைத்தபடியே பிறந்த திகதியைக் காட்டுங்கள். அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திகதியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அட்டையின் இலக்கத்திலேயே வயது இருக்கின்றது. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு மட்டும் அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 88 என்று தொடங்கி 561 என்று தொடர்ந்தால் அவர் 1988 இல், 61 ஆவது நாளில் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் கணக்கிடப்படுவதால் அது மார்ச் முதலாம் திகதி. புதிய 12 எண் இலக்கத்தில் வருடம் நான்கு எண்களாக முழுமையாகவே இருக்கும். ஆகவே முதல் நான்கு எண்களைப் பார்த்தாலே கடைக்காரருக்கு விடயம் விளங்கிவிடும். பழைய அட்டைகள் பலவற்றில் சிங்களம் மட்டுமே இருந்தது. ஆனால் எண்களை எந்த மொழிக்காரரும் வாசிக்கலாம்.

காசு மேசையில் நிற்கும் பிள்ளைகள்

பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள பெரிய கடைகளில் காசு மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் கணிசமானோர் நமது தோட்டத்துப் பெண்பிள்ளைகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரையில் என்று வேலைக்கு வந்து, பின்னர் அங்கேயே நின்றுவிட்டவர்கள். பத்தொன்பது, இருபது வயது. தாங்களே சட்டப்படி ஒரு சிகரெட்டை வாங்க முடியாத வயதில், வாங்க வருகிறவர்களின் வயதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இவர்கள் தலையில்!

முன்னால் நிற்பவர் உயரமான ஆண். பெரும்பாலும் சிங்களத்தில் பேசுபவர். பின்னால் வரிசை நீண்டிருக்கின்றது. "ஐ.டி. எக பென்னன்ன" என்று இந்தப் பிள்ளை சிரித்த முகத்துடன் கேட்டாலும், "என்னைப் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரித் தெரிகிறதா?" என்று அவர் சத்தம் போட்டால் என்ன செய்வாள்? முதலாளி வந்து அவள் பக்கம் நின்றால் அடுத்த முறையும் கேட்பாள். "சரி சரி, கொடுத்தனுப்பு" என்று சொன்னால் அதன் பிறகு எவரிடமும் கேட்க மாட்டாள். விடயம் உண்மையில் இந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றது. ஆகவே மகளை இப்படியான வேலைக்கு அனுப்பும் தாய்மார் சம்பளத்தை விசாரிப்பதுடன் இதையும் விசாரித்து வையுங்கள்: வயது குறைந்தவருக்குக் கொடுக்க மறுத்தால் கடை அவளைப் பாதுகாக்குமா?

லண்டனில் கடையோ பெற்றோல் நிலையமோ நடத்தும் உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே வயதெல்லை 18 தான். ஆனால் பல கடைகளில் 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தோன்றும் எவரிடமும் அட்டை கேட்பது நடைமுறை. 'சலேன்ஜ் 25' என்று அறிவிப்பும் ஒட்டியிருக்கும். யாருக்கு மறுத்தோம் என்பதைக் குறித்து வைக்கும் பதிவேடும் உண்டு. உள்ளூராட்சி அதிகாரிகள் 18 வயது நிரம்பாத ஒருவரை வாடிக்கையாளர் போல அனுப்பிப் பரிசோதிப்பார்கள். ஏமாந்து விற்றால் கடைக்கு மட்டுமல்ல, மேசையில் நின்ற ஊழியருக்கும் தண்டனை வரலாம். இந்தப் பயம் இருப்பதால் அங்கே எவரும் கேட்கக் கூச்சப்படுவதில்லை. எல்லோரிடமும் கேட்பதால் எவரும் கோபிப்பதும் குறைவு.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. 2003 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம், சந்தேகம் இருந்தால் வயதுக்கான அத்தாட்சியைக் கேட்க வேண்டும் என்று அதன் 16 ஆவது உறுப்புரையில் சொல்கின்றது. நமது அயல்நாடான மாலைதீவு இன்னும் ஒருபடி மேலே சென்று, 2007 ஜனவரி முதலாம் திகதியோ அதன் பின்னரோ பிறந்த எவருக்கும் எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது என்று 2025 நவம்பர் முதல் தடைசெய்துள்ளது.

வயதைப் பார்ப்பது வேறு, பெண் என்று பார்ப்பது வேறு. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தவறணைகளில் பெண்களுக்கு மதுசாரம் விற்பதை 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் தடைசெய்தது. மதுபானம் விற்கும் இடத்தில் பெண்கள் வேலை செய்வதற்கும் அனுமதி பெற வேண்டும் என்றது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர இதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறப் பணித்தார். குடிப்பது நல்லதென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 50 வயதுப் பெண்ணுக்கு மறுத்துவிட்டு 15 வயதுப் பையனுக்குக் கொடுக்கும் கடைக்காரர் எதைக் காப்பாற்றுகிறார் என்று விளங்கவில்லை.

கொப்பி யாருடையது?

தோட்டத்துக் கடைக்குத் திரும்புவோம். அங்கே வரிசையும் இல்லை, இயந்திரமும் இல்லை. முதலாளிக்குப் பிள்ளையின் வயது மட்டுமல்ல, பிறந்த நாளன்று பெய்த மழையும் தெரியும். ஆகவே அட்டை கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. தெரிந்துகொண்டே கொடுக்கிறார் என்பதுதான் பிரச்சினை. மறுத்தால் அந்த வீட்டின் கணக்கு வேறு கடைக்குப் போய்விடும் என்பது அவரது பயம்.

அந்தக் கணக்கைச் சம்பள நாளில் தீர்ப்பது யார்? பெரும்பாலும் கொழுந்து மலையில் நின்ற பெண்ணின் உழைப்பு. அப்படியானால் கொப்பியில் என்ன ஏறலாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. "எங்க புள்ள வந்து கேட்டா சிகரெட்டும் சாராயமும் குடுக்காதீங்க முதலாளி, அவரு வந்தா அவரு கையில குடுங்க" என்று சொல்வதற்குச் சட்டம் துணையிருக்கின்றது. தனியாகப் போய்ச் சொன்னால் அன்றிரவு வீட்டில் அடி விழக்கூடும் என்பதும் தெரிந்ததே. எனவே மாதர் சங்கமாக, ஐந்தாறு பேர் சேர்ந்து, எந்த வீட்டின் பெயரையும் குறிப்பிடாமல் எல்லாப் பிள்ளைகளுக்குமாகப் பேசுவதே பாதுகாப்பானது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கப்பட மாட்டாது என்ற அறிவித்தலைக் கடை வாசலில் மாட்டும்படி கேளுங்கள். அதற்கும் அசையாத கடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பொலிசாருக்கும், மதுவரி அதிகாரிகளுக்கும் இச்சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறையிடலாம்.

கசிப்புக்கு இவை எதுவும் பொருந்தாது. லயத்தின் பின்பக்கத்தில் விற்பவர் எவரிடமும் அட்டை கேட்கப் போவதில்லை. போயா தினத்தன்று போத்தலை ஒளித்து விற்கும் வீட்டிலும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு அப்படியான வீட்டுக்குப் போத்தலுடன் அனுப்பப்படும் பெண்பிள்ளைக்கு அங்கே காத்திருக்கும் ஆபத்து குடியை விடப் பெரியது. இதற்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கின்றது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கி விடுங்கள்.

அட்டை இன்னும் எடுக்காத வீடுகள் பல உள்ளன. 15 வயது பூர்த்தியான பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலை செல்லும் பிள்ளைக்கு அதிபரும், தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகரும், ஏனையோருக்குக் கிராம உத்தியோகத்தரும் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவர். பிறப்பு பதியப்படாமல் போயிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளரிடம் சென்று உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள். போகும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அது என்று கையில் உள்ள பழைய கடதாசிகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் பெயர் விழாமல் போனாலும், இரண்டாம் முறை அலைய நேராது.