குற்றமும் திருத்தமும்: இணைய ஆட்டக்களப் படைப்பில் கருத்துரை வழங்கலும் ஏற்றலும் – நன்னூற் பாயிர நோக்கில்

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளுக்கான ஆட்டக்களங்களை விளையாடுவோரே அமைத்துப் பிறர் பார்வைக்கு வைப்பதும், பிறர் கூறும் கருத்துரைகளைக் கொண்டு திருத்துவதும் இன்று உலகளாவிய வழக்கமாக உள்ளன. இக்கருத்துரை முறையின் இயல்பை நன்னூற் பாயிரம் கூறும் நூற்குற்றம், நூலழகு, மாணாக்கர் வகை ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. இறையனார் அகப்பொருள் உரை கூறும் உருத்திரசன்மர் வரலாறும், சீவக சிந்தாமணிப் பதிப்பில் உ.வே. சாமிநாதையர் பெற்ற துணையும் சான்றுகளாகின்றன. குற்றத்தை உணர்த்துதல் கருத்துரைப்போர் கடன். திருத்தத்தைத் தெரிந்தெடுத்தல் படைப்போர் உரிமை. இவ்விரண்டும் வேறுபடுத்தப்படும் இடத்திலேயே கருத்துரை பயன் தருகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆட்டக்களம், கருத்துரை, பாயிரம், குற்றம் பத்து, அரங்கேற்றம், செஞ்சிக்கோட்டை.

முன்னுரை

விளையாட்டாளர் ‘மேப்’ என வழங்கும் ஆட்டக்களம் என்பது, ஒரு கணினி விளையாட்டு நிகழும் இடத்தின் முழு அமைப்பாகும். வழி, மதில், மறைவிடம், உயரம், தடை, இலக்கு ஆகியன அனைத்தும் அதனுள் அடங்கும். 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூம்’ விளையாட்டுக்கு விளையாடுவோரே புதிய களங்களை அமைக்கத் தொடங்கினர். 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘வார்கிராஃப்ட் 3’ களம் அமைக்கும் கருவியை விளையாட்டுடன் சேர்த்தே வழங்கியது. அக்கருவியால் விளையாட்டாளர் உருவாக்கிய ‘டோட்டா’ என்னும் களம், ஒருவர் பின் ஒருவராகப் பலர் கைகளில் திருத்தம் பெற்று வளர்ந்து, 2013ஆம் ஆண்டு ‘டோட்டா 2’ என்னும் தனி விளையாட்டாகவே வெளிவந்தது. இவ்வளர்ச்சியைப் படைப்பாளர் ஒருவரின் ஆற்றலைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. ஆடியவர்கள் கூறிய குறைகளும் அவற்றை ஏற்றுத் திருத்திய பொறுமையும் அதற்குக் காரணங்களாகும்.

இத்துறைக்குப் புதிதாக வரும் ஒருவர் பல மாதம் உழைத்து அமைத்த களத்தை ஒரே சொல்லில் இகழ்ந்தொதுக்கினால், அவர் அப்பணியையே கைவிட நேரும். குறையே கூறாது புகழ்ந்தாலும் அவர் வளர்வதில்லை. சிற்றூரில் இருந்துகொண்டு, அருகில் ஒத்த ஆர்வமுடையோர் எவருமின்றி, முகமறியாதார் கருத்தை மட்டுமே நம்பியிருக்கும் இளைஞர்க்கு இது பெருஞ்சிக்கலாகும். எனவே குறை கூறும் முறையும் குறை கேட்கும் முறையும் ஆராயத்தக்கவையாகின்றன. படைப்பொன்றின் குற்றத்தை ஆராய்வதற்கெனத் தனிச் சொற்றொகுதியையே வகுத்த மரபு தமிழுக்கு உண்டு. அதன் துணைகொண்டு இப்புதிய பொருளை நோக்கலாம்.

கருத்துரையின் அமைப்பு

ஆட்டக்களக் குழுக்களுள் கருத்துரை முறையைத் தெளிவாக வகைப்படுத்திக் கொண்டவற்றுள் ஒன்று, 2007ஆம் ஆண்டு தோன்றிய ‘ஓசு’ என்னும் இசை விளையாட்டின் குழுவாகும். இங்குக் களம் என்பது ஒரு பாடலின் தாளத்திற்கேற்ப அழுத்த வேண்டிய வட்டங்களின் வரிசை. ஒருவர் அமைத்த களத்தைப் பிறர் ஆராய்ந்து கூறும் கருத்துரை, குறிப்பு, சிக்கல், பரிந்துரை, பாராட்டு என்றவாறு வகை சுட்டப்பெற்றே பதிவாகிறது. குறை பாடலின் எந்த நொடியில் உள்ளது என்பது, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சுட்டப்படுகிறது. எழுப்பப்பட்ட சிக்கல்கள் தீர்க்கப்பட்ட பின்னரே தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் இருவர் களத்தை முன்மொழிவர். அதன் பின்னும் ஒரு வார கால அளவு களம் பலர் பார்வையில் நிற்கும். அதற்குள் பெருங்குறை காணப்படின் மீண்டும் திருத்தத்திற்குச் செல்லும்.

இம்முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. கருத்துரை படைப்பின் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டுகிறது. அக்கருத்துரை குற்றத்தைச் சுட்டுகிறதா, விருப்பத்தைத் தெரிவிக்கிறதா என்பது முன்னரே வேறுபடுத்தப்படுகிறது. இறுதி ஏற்பிற்கு முன் திருத்தத்திற்குரிய காலம் ஒதுக்கப்படுகிறது. ஆய்வேட்டை மதிப்பிடுவோரும் ஆய்விதழ்க் கட்டுரையைச் சீர்தூக்குவோரும் பின்பற்ற வேண்டிய நெறிகளும் இவையே.

குற்றம் பத்தும் ஆட்டக்களமும்

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளின்படி பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரப் பகுதியில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துரைக்கிறது. அவை நூலை நோக்கிக் கூறப்பட்டவை எனினும், ஒருவர் அமைத்துப் பலர் உள்நுழையும் எவ்வகைப் படைப்பிற்கும் பொருந்தும் பொதுமை உடையன.

செல்லவேண்டிய வழிக்குப் போதிய அடையாளம் இல்லாத களம் குன்றக் கூறலின்பாற்படும். கண்ணைக் கவரும் பொருள்களை அளவின்றி நிரப்பியது மிகைபடக் கூறலாகும். ஒரே அறையை நிறம் மாற்றி மீண்டும் மீண்டும் அமைத்தல் கூறியது கூறல். ஓரிடத்தில் திறக்கும் கதவைப் போன்றதே மற்றோரிடத்தில் திறவாது நிற்பின் அது மாறுகொளக் கூறல். ஆடுவோர் எத்திசை செல்வது என அறியாது திகைப்பின் அது மயங்க வைத்தல். முதன்மை வழியினும் கிளைவழி பெருகிக் கிடப்பது மற்றொன்று விரித்தல். நிகழ்ச்சி ஏதுமற்ற நெடிய வெளி வெற்றெனத் தொடுத்தல். களத்தின் காலத்திற்கும் நாட்டிற்கும் ஒவ்வாத உறுப்பைச் சேர்த்தல் வழூஉச்சொல் புணர்த்தலுக்கு நிகராகும். தொடக்கத்தில் செறிவாகவும் இறுதியில் மெலிந்தும் முடிவது சென்று தேய்ந்து இறுதல். அழகுற அமைந்தும் ஆட்டத்தில் எப்பயனும் தராத கோபுரம் நின்று பயன் இன்மை.

இப்பொருத்தத்தின் பயன் சொல்லொப்புமையோடு முடிவதில்லை. ‘நன்றாக இல்லை’ என்னும் தொடர் ஒரு மனநிலையை மட்டும் தெரிவிக்கிறது. ‘இவ்விடத்தில் மயங்க வைத்தல் உள்ளது’ என்னும் தொடர் குற்றத்தின் வகையைத் தெரிவிக்கிறது. வகை தெரியின் திருத்தத்தின் திசையும் தெரியும். குன்றக் கூறலுக்குச் சேர்த்தல் மருந்து. மிகைபடக் கூறலுக்கு நீக்கல் மருந்து. குற்றத்தின் பெயரறியாதார் முன்னதற்குப் பின்னதன் மருந்தை அளித்துவிடுதல் கூடும்.

செஞ்சிக்கோட்டை: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தம் ஊருக்கு அண்மையிலுள்ள செஞ்சிக்கோட்டையை ஆட்டக்களமாக அமைப்பதாகக் கொள்ளலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து முக்கோணமாக அமைந்தது அக்கோட்டை. ராஜகிரியின் உச்சியை அடைய ஆழ்ந்த பிளவொன்றைச் சிறு பாலத்தின் வழியே கடத்தல் வேண்டும். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட நேர்ந்தமைக்கு இவ்வரணமைப்பும் ஒரு காரணமாகும். கோட்டையை உள்ளவாறே அமைத்தால் ஆட்டத்திலும் தாக்கும் அணி உச்சியை அடைய இயலாது.

இக்களத்திற்கு மூவர் கருத்துரைப்பதாகக் கொள்க. ‘இதை ஆடவே முடியவில்லை’ என்பது முதலாமவர் கூற்று. ‘பாலத்தை அகலமாக்க வேண்டும்’ என்பது இரண்டாமவர் கூற்று. ‘பத்து ஆட்டங்களிலும் தாக்குவோர் பாலத்தைக் கடக்கவில்லை, வழி ஒன்றே ஆதலால் காப்போர் இருவரே அனைவரையும் தடுத்துவிடுகின்றனர்’ என்பது மூன்றாமவர் கூற்று. முதற்கூற்றில் குற்றத்தின் இடம் இல்லை. இரண்டாவதில் மருந்து உள்ளது, நோய் கூறப்படவில்லை. மூன்றாவது இடம், சான்று, காரணம், விளைவு ஆகிய நான்கையும் தருகிறது, மருந்தைக் கூறவில்லை.

படைப்பாளர்க்கு மிகுதியும் பயன்படுவது மூன்றாவது கூற்றேயாம். பாலத்தை அகலமாக்கினால் ஆட்டம் எளிதாகும். ஆனால் செஞ்சியின் தனித்தன்மை அழியும். நன்னூல் கூறும் அழகுகளுள் உலகம் மலையாமையும் ஒன்று. உள்ளதை உள்ளவாறு காட்ட விழைந்த படைப்பாளர் அதனை இழக்க உடன்படார். அவர் பாலத்தைக் குறுகியதாகவே வைத்துக்கொண்டு, தாக்குவோரின் இலக்கை உச்சியிலிருந்து கீழ்க்கோட்டைக்கு மாற்றலாம். அல்லது அவர்க்குரிய கால அளவை நீட்டலாம். அவ்வாறு செய்யின் அவர் குற்றத்தை முழுதும் ஏற்றுக்கொண்டு, கூறப்பட்ட மருந்தை மட்டும் மறுத்தவராவார். கருத்துரையை ஏற்றலும் பரிந்துரைக்குப் பணிதலும் வேறுவேறானவை என்பதை இவ்வெடுத்துக்காட்டு புலப்படுத்துகிறது.

பேசாத காரணிகர்

ஆட்டக்களம் அமைப்போர் கையாளும் மற்றொரு முறை ஆட்டச் சோதனையாகும். களத்தை முன்பின் அறியாத ஒருவரை ஆடச்செய்து, படைப்பாளர் எவ்விளக்கமும் கூறாது அருகிருந்து நோக்குவர். ஆடுவோர் எங்கு நிற்கிறார், எங்குத் திரும்புகிறார், எங்கு முகம் மலர்கிறார் என்பனவே கருத்துரையாகின்றன. சொல்லாற்றல் மிக்கோர் கூறும் குறையினும், சொல்லின்றி வெளிப்படும் மெய்ப்பாடு பலகாலும் நம்பத்தக்கதாக உள்ளது.

இதற்கு இணையான ஒரு கருத்தை இறையனார் அகப்பொருள் உரையில் காணலாம். அந்நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது மெய்யுரையைத் தேர வேண்டியதாயிற்று. அதற்கெனக் காரணிகராக அமர்த்தப்பட்டவர் உருத்திரசன்மர் என்னும் பேசாச் சிறுவர். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவர் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தார் என்பது அவ்வுரை கூறும் செய்தி. இது வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளப்படாவிடினும், இதன் உட்கிடை கருதத்தக்கது. மதிப்பீடு இடந்தோறும் நிகழ்ந்தது. மதிப்பிட்டவர்க்குக் கட்சிச் சார்போ, தம் புலமையை நிலைநாட்டும் நோக்கமோ இல்லை. உரைத்தவர் தம் உரைக்கு வாதாடவும் இடமில்லை. ஆட்டச் சோதனையின் நெறிகளும் இவையே.

கருத்துரையை ஏற்கும் நெறி

நன்னூல் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு ஒப்பிட்டு மூவகைப்படுத்துகிறது. கருத்துரை பெறும் படைப்பாளர்க்கும் இவ்வகைமை பொருந்தும். நூறு கருத்துரைகளுள் கொள்ளத்தக்கதைப் பிரித்தெடுப்பவர் அன்னம் போல்வார். கிடைத்தவற்றைத் தொகுத்துக்கொண்டு பின்னர் அமைதியாக ஆய்ந்து திருத்துபவர் மேய்ந்தபின் அசைபோடும் ஆவைப் போல்வார். சொன்னதை எல்லாம் சொன்னவாறே செய்பவர் கிளி போல்வார்; அவர் களம் பலர் விருப்பங்களின் கலவையாகித் தன் உருவை இழக்கும். பயனுள்ள திருத்தத்தை ஒழுகவிட்டு, புண்படுத்திய சொல்லை மட்டும் நெஞ்சில் தேக்கிக்கொள்பவர் நெய்யை விடுத்துக் கசடைப் பற்றும் நெய்யரி போல்வார்.

இந்நெறிக்குச் சீவக சிந்தாமணிப் பதிப்பு ஒரு சிறந்த சான்று. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததன் விளைவாக உ.வே. சாமிநாதையர் அந்நூலை ஆராயத் தொடங்கினார். சமண சமயக் கருத்துகள் விளங்காதபோது அவர் அந்நகரத்துச் சமணர்களை நாடினார். சந்திரநாத செட்டியாரும், அன்றைய திண்டிவனம் வட்டத்து வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினாரும் அவருக்கு ஐயம் தீர்த்தவர்களுள் அடங்குவர். கல்லூரித் தமிழாசிரியராக இருந்தும், நூலைத் தம் வழிபாட்டு வாழ்வோடு இணைத்து ஓதிவந்தவர்களின் அறிவைத் தம் அறிவினும் உறுதியானதாகக் கொண்டார். ஆட்டக்களத்தின் குறையை அதனுள் நாள்தோறும் உலவுவோர் அறிவது போன்றதே இது.

1887ஆம் ஆண்டு பதிப்பு வெளிவந்தபின் கண்டனங்களும் எழுந்தன. அவற்றுக்கு மறுமொழி எழுத முனைந்தபோது, அம்முயற்சியைக் கைவிட்டுப் பணியில் ஈடுபடுமாறு சாது சேஷையர் அறிவுறுத்தியதை ‘என் சரித்திரம்’ தெரிவிக்கிறது. சாமிநாதையர் தொடர்ந்து ஆராய்ந்து, 1907ஆம் ஆண்டு திருத்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். படைப்பைத் திருத்தும் நோக்குடையது கருத்துரை; படைத்தவரைத் தாழ்த்தும் நோக்குடையது கண்டனம். எனினும் கண்டனத்தினுள்ளும் மெய்யான குற்றம் ஒன்று சுட்டப்பட்டிருத்தல் கூடும். அதற்குரிய மறுமொழி வாதத்தில் இல்லை. அடுத்த பதிப்பில் உள்ளது. ஆட்டக்களம் அமைப்போர் பதிப்பெண் இட்டுத் திருத்தங்களைத் தொடர்ந்து வெளியிடும் வழக்கமும் இதனையே காட்டுகிறது.

முடிவுரை

கருத்துரை குற்றத்தின் இடத்தையும் வகையையும் விளைவையும் சுட்டும்போது திருத்தத்திற்கு வழி பிறக்கிறது. நன்னூல் கூறும் குற்றம் பத்தும் அழகு பத்தும் ஆட்டக்களக் கருத்துரைக்குரிய தமிழ்க் கலைச்சொற்களாகப் பயன்படத்தக்கன. இத்துறையில் ஈடுபடும் தமிழ் இளைஞர் ஆங்கிலச் சொற்களையே சார்ந்திருக்க வேண்டுவதில்லை. குற்றத்தை ஏற்று மருந்தை மறுக்கும் உரிமை படைப்பாளர்க்கு உண்டு. குற்றத்தையே காணமறுக்கும் உரிமை இல்லை. பயன்படுத்துவோரின் சொல்லற்ற மெய்ப்பாடும் கருத்துரையாகக் கொள்ளத்தக்கது.

இந்நெறிகள் ஆட்டக்களத்தோடு நில்லாமல் ஆய்வேட்டு மதிப்பீடு, பாடநூலாக்கம், பதிப்புப்பணி ஆகியவற்றுக்கும் பொருந்தும். இளம் ஆய்வாளர் தம் முதற்கட்டுரைக்குப் பெறும் மதிப்பீட்டுரை, ‘ஏற்கத்தக்கதன்று’ என்னும் ஒற்றைச் சொல்லாக அமையாமல், குற்றத்தின் இடத்தையும் பெயரையும் சுட்டுவதாக அமைதல் வேண்டும். அதற்கான சொற்களைப் பவணந்தியார் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்தளித்துள்ளார்.