காந்தம் எங்கே அறுகிறது?

லாந்தனம் தாமிர ஆக்சைடு ஒரு கறுப்புப் படிகம். இரும்பை இழுக்காது, ஆனால் உள்ளுக்குள் காந்தம்தான். அதன் தாமிர அணுக்கள் சதுரக் கட்டங்களாக அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் காந்தத் திசையும் பக்கத்து நான்கு அணுக்களுக்கு நேரெதிர். இந்த ஒழுங்கு ஏறக்குறைய 325 கெல்வின், அதாவது 50 டிகிரி செல்சியஸ் தாண்டும்வரை நிலைக்கும்.

இதில் அங்கங்கே தாமிரத்தை எடுத்துவிட்டு, காந்தத் தன்மையற்ற துத்தநாகமும் மக்னீசியமும் வைத்தால் என்ன ஆகும்? எடுத்த அளவுக்குக் காந்தம் குறையும் என்றுதான் தோன்றும். நடப்பது அதுவல்ல. ஒழுங்கு மெல்ல நலிந்தபடியே தாக்குப்பிடிக்கிறது. 40.7 சதவீதம் பறிபோகும்போது அடியோடு போய்விடுகிறது. மீதித் தாமிரம் 59 சதவீதம் அப்படியே இருந்தும் பயனில்லை.

காரணம் எளிது. ஓர் அணு அண்டை அணுவோடு மட்டுமே பேசும். அந்த எல்லைக்கு முன்புவரை படிகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அறுபடாத தாமிரப் பாதை உண்டு. அதற்குப் பின் தனித்தனித் தீவுகள்தான். ஒரு தீவின் திசை மற்றதற்குத் தெரியாது. எல்லையை ஒட்டிய நிலைதான் சுவையானது. பெரிய திட்டுகளை ஒற்றை அணுப் பாலங்கள் கோத்திருக்கும். சிறு வெப்பம் பட்டாலே அங்கே ஒழுங்கு குலையும். சாதாரணக் காந்தத்தை வெப்பம் கெடுக்கிறது. இங்கே தனிச்சுழி வெப்பநிலையிலும் வடிவியலே கெடுத்துவிடுகிறது.

இதை விளக்கும் கசிவுக் கோட்பாடு காந்தத்துக்காகப் பிறந்ததல்ல. சுரங்கத் தொழிலாளர்களின் வாயு முகமூடியில் உள்ள கரித்துகள்களுக்குள் வாயு எப்படி நுழைகிறது என்ற கேள்வியிலிருந்து, 1957-இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர் அதை உருவாக்கினார்கள்.

தாமிரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. குவாண்டம் ஊசலாட்டமே அதன் காந்த வலிமையில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. அப்படியானால் பாதை அறுபடுவதற்கு முன்பே ஒழுங்கு சரிந்துவிடாதா? 2002-இல் இயற்பியலாளர் மார்ட்டின் கிரெவனின் குழு நியூட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்த்தது. ஒழுங்கு வடிவியல் எல்லைவரை நின்றது. இவ்வளவு கச்சிதமாகக் கணக்குக்குப் படியும் பொருள் அபூர்வம்.

ஆனால் அந்தக் கணக்கே இன்னும் முடியவில்லை. சதுரக் கட்டத்தில் அணுக்களுக்குப் பதில் இணைப்புகளை வெட்டினால் எல்லை சரியாகப் பாதி; இதை 1980-இல் கணிதவியலாளர் ஹாரி கெஸ்டன் நிரூபித்தார். அணுக்களை எடுக்கும்போது மிஞ்சியிருக்க வேண்டிய 59.27 சதவீதம் கணினி தரும் தசமம் மட்டுமே. அதற்கு நிரூபிக்கப்பட்ட சூத்திரம் எதுவும் கிடையாது.