அக்காவின் கடன் கணக்கு தம்பிக்குப் பொருந்தாது

ஏப்ரலில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்களின் வங்கிக் கணக்கில் அந்தக் கல்வியாண்டின் கடைசித் தவணைக் கடன் வந்து விழும். அடுத்ததற்குச் செப்டம்பர் கடைசி வரை பொறுத்திருக்க வேண்டும். நடுவில் நீண்ட கோடை விடுமுறை. கூட்டாளிகள் ரயிலில் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்புகிறார்கள். இன்டர்ரெயில் பயணச்சீட்டில் 27 வயது வரை சலுகையும் உண்டு. ஆசை இருக்கிறது, காசு இல்லை. லண்டன் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தால், ஏற்கெனவே கம்பஸ் முடித்த அக்காவோ அண்ணாவோ சொல்லும் யோசனை ஒன்று உண்டு: “எடுக்கக்கூடிய லோன் எல்லாத்தையும் எடு. கடைசியிலை எப்பிடியும் தள்ளுபடி செய்துவிடுவினம்.”

அக்கா பொய் சொல்லவில்லை. அவர் 2019இல் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடன் ‘பிளான் 2’. திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டிய ஏப்ரலிலிருந்து 30 ஆண்டுகளில் மிச்சம் அழிந்துவிடும். 2023இல் தொடங்கிய கணக்கு 2053இல் முடியும். அப்போது அவருக்கு 52 வயது இருக்கும். அந்தத் திட்டத்தில் கடனை முழுதாக அடைப்பவர்கள் சிறுபான்மைதான். அடைக்கவே போவதில்லை என்றால் மேலும் 1,000 பவுண்டு எடுத்தாலும் ஒரு காசு கூடப் போவதில்லை.

தம்பி 2024இல் சேர்ந்தவர். 2023 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்தில் முதல் பட்டப் படிப்பு தொடங்கியவர்களுக்கு விதி மாறிவிட்டது. இது ‘பிளான் 5’. தள்ளுபடிக்கு 30 அல்ல, 40 ஆண்டுகள் ஆக வேண்டும். தம்பியின் கணக்கு 2028இல் தொடங்கி 2068 வரை ஓடும். அவருக்கு அப்போது 62 வயது. ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். வட்டி மட்டும் இதில் இலகு: ஆர்.பி.ஐ. எனப்படும் சில்லறை விலைவாசி உயர்வு எவ்வளவோ அவ்வளவே, அதற்கு மேல் இல்லை. ஆனால் காலம் நீண்டுவிட்டதால், இந்தத் திட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் முழுக் கடனையும் கட்டி முடிப்பார்கள் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. ஒரே வீட்டில், ஐந்து வயது இடைவெளியில், இருவர் கையில் இருப்பது இரண்டு வேறு கடன்கள். இதை வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லாததுதான் எனக்குக் கவலை.

மாணவர் கடன் மற்றக் கடன்களைப் போல நடந்துகொள்வதில்லை. பிளான் 5இல் ஆண்டுக்கு 30,000 பவுண்டு சம்பாதிப்பவருக்குப் பிடித்தம் மாதம் 37.50 பவுண்டு. கடன் 40,000 ஆனாலும் 60,000 ஆனாலும் அதே 37.50தான். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். கடன்தகுதி அறிக்கையில் இது வராது. வீட்டுக்குத் தபாலில் எச்சரிக்கையும் வராது. வலி தெரியாது என்பதாலேயே, கூடுதலாக எடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிவதில்லை.

என்ன ஆகும் என்றால், வால் நீளும். இன்றைய மதிப்பில் 50,000 பவுண்டு சம்பளத்துக்கு உயர்ந்த ஒருவருக்கு மாதப் பிடித்தம் 187 பவுண்டு சொச்சம். கடனை அடைக்கும் நிலையில் இருக்கும் அவர், 19 வயதில் பயணத்துக்கென்று கூட்டி எடுத்த 1,000 பவுண்டுக்காக, கடைசியில் ஐந்து மாதத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவார். அப்போது அவர் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ இருப்பார். சம்பளம் கடைசிவரை உயராமல் போனால் அக்காவின் சொல் பலிக்கும்தான். ஆனால் தன் வாழ்க்கை எப்படிப் போகும் என்று 19 வயதில் யாருக்குத் தெரியும்?

கேட்டதும் கிடைக்கிற பணமும் அல்ல இது. வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டனன்ஸ் லோனுக்கு உச்சவரம்பு இருக்கிறது; பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து அது குறையும். முழுத் தொகையையும் எடுக்காமல் விட்டவர்கள்தான் கல்வியாண்டு தொடங்கி 9 மாதத்துக்குள் கூட்டிக் கேட்கலாம். இறுதியாண்டில் கோடைக்காலம் கணக்கில் சேராததால் தொகை இன்னும் குறையும். படிப்பை நடுவில் விட்டால், விட்ட காலத்துக்குரிய பணம் ‘அதிகமாகப் பெற்ற தொகை’ ஆகிவிடும். சம்பளம் 25,000 ஆகட்டும் என்று அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

மாணவர்களுக்கு இருக்கும் இன்னொரு வழியான ஓவர்டிராஃப்ட் வேறு ரகம். கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஓர் எல்லை வரை எடுத்துக்கொள்ள வங்கி விடுகிறது. மாணவர் கணக்குகளில் இதற்கு வட்டி இல்லை. 3,000 பவுண்டு வரை என்ற விளம்பரங்களில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். முதலாண்டில் பலருக்கு 500, 1,000 என்றுதான் கிடைக்கும். வட்டியில்லாக் கடன் என்ற அளவில் இதைவிட மலிவானது எதுவும் இல்லை.

அந்தச் சலுகைக்கு முடிவு நாள் இருக்கிறது. பட்டம் பெற்றதும் கணக்கு பட்டதாரிக் கணக்காக மாறும். வட்டியில்லா எல்லை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். அதற்கு அப்பால் சாதாரண ஓவர்டிராஃப்ட் வட்டி. 2020 ஏப்ரலில், வங்கிகளை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையம் தினக் கட்டணங்களை ஒழித்து, ஒரே ஆண்டு வட்டி வீதம்தான் வாங்க வேண்டும் என்று விதித்தது. பெரிய வங்கிகள் அந்த வீதத்தை 40 சதவீதத்தை ஒட்டி வைத்தன. 1,500 பவுண்டு பாக்கி நின்றால் மாதம் 42 பவுண்டுக்கு மேல் வட்டியாகவே போகும். வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது எத்தனை நாள் சாப்பாடு! போதாததற்கு, ஓவர்டிராஃப்டை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. கடன்தகுதி அறிக்கையிலும் பதிவாகும்.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் சென்றவர்களுக்கு இந்தக் குழப்பம் பொதுவாக இல்லை. அரசின் மாணவர் கடன் அவர்களுக்குக் கிடையாது. வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் தரும் கணக்குகளும் பெரும்பாலும் மூன்றாண்டு வசிப்பைக் கேட்கும். ஊர் வங்கியில் வாங்கிய கல்விக் கடனில் சுற்றுலாவுக்கு இடமில்லை. அந்தக் கடனின் போக்குவரத்துச் செலவு என்பது படிக்கப் போகும் பயணத்துக்கானது.

தம்பிக்கு நான் சொல்வது இது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு என்றால் மாணவர் கடனை முழுதாக எடு. அதற்காகத்தான் அது இருக்கிறது. பயணத்துக்காக அதைக் கூட்டாதே. பயணத்துக்கு ஓவர்டிராஃப்ட், அதுவும் அக்டோபருக்குள் உழைத்து நிரப்பக்கூடிய அளவுக்கு மட்டும். 18 முதல் 20 வயதினரின் குறைந்தபட்ச மணிக்கூலி 2025 ஏப்ரலில் 10 பவுண்டானது. அந்தக் கூலியில் 900 பவுண்டுப் பயணம் என்றால் 90 மணி நேர வேலை: வாரம் 15 மணி, ஆறு வாரம். அந்த வேலை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கு. எல்லையைத் தொடும்வரை செலவழிக்காதே. அடுத்த வாடகை வீட்டுக்கு முன்பணம் கேட்கும் நாளில் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

இறுதியாண்டு முடித்துவிட்டுப் போகும் பயணம்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. அப்போது அடுத்த தவணை என்று ஒன்று வராது, வேலையும் உறுதியாகியிருக்காது, வட்டியில்லா எல்லை சுருங்கும் காலமும் நெருங்கியிருக்கும். சீட்டு எடுப்பதற்கு முன்பே வங்கியைக் கூப்பிட்டு, பட்டதாரிக் கணக்கில் எல்லை எந்தத் தேதியில் எவ்வளவாகக் குறையும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.