மண்ணெண்ணெய் விலையும் கட்சிக் கூட்டுகளும்



சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரையுள்ள கடற்கரையில் விடியுமுன் நடந்து செல்வோர், வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் உயிர்பெறும் ஓசையைக் கேட்டிருப்பர். அவை பெற்றோலிற் கிளப்பப்பெற்று மண்ணெண்ணெயில் ஓடுவன. ஆகவே, கொழும்பிலே மண்ணெண்ணெய்க்கு விலை குறிக்கப்படும்பொழுது, எங்களூர் மீனுக்கும், மீனவர் வீட்டுப் பிள்ளையின் கொப்பிக்கும் சேர்த்தே விலை குறிக்கப்படுகின்றது. அவ்விலையிலே கட்சிகளின் கூட்டும் பிரிவும் எவ்வாறு புகுந்தன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எண்ணெய் இந்நாட்டில் அரசியற் பொருளானது நேற்றல்ல. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்திலே ரீ. பீ. இலங்கரத்ன முன்னின்று, அந்நியக் கம்பனிகளின் சொத்துக்களை அரசுடைமையாக்கினார். நட்டஈடு தீர்க்கப்படாமையால் அமெரிக்கா 1963 இல் தன் உதவியை நிறுத்தியது. எதிரணியில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி 1965 இல் ஆட்சியேறி, நட்டஈட்டுத் தகராற்றைத் தீர்த்துவைத்தது, கூட்டுத்தாபனத்தையோ கலைக்கவில்லை. இதனைச் சந்தர்ப்பவாதம் என்று நான் சொல்லேன். பொறுப்பு வந்தபின் ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொண்ட நிதானம் அது. காரணங் கூறாது நிலைமாறுவதற்கே அப்பெயர் பொருந்தும்.

இனி மண்ணெண்ணெய்க்கு வருவோம். 2018 மே மாதத்திற்கு முன் ஒரு லீற்றர் 44 ரூபாவாக இருந்தது. வாங்கும் விலைக்குக் குறைவாக விற்றால் நட்டம் கூட்டுத்தாபனத்தின் தலையில் விழும். டீசலினும் மிக மலிவாயிருப்பின் கலப்படமும் பெருகும். இக்காரணங்களால் அவ்வாண்டின் கூட்டரசாங்கம், உலகச் சந்தையோடு விலையை இணைக்கும் சூத்திரத்தைக் கொணர்ந்து, 101 ரூபாவாக ஒரே பாய்ச்சலில் உயர்த்திற்று. கடற்றொழிலாளர் கொதித்தெழுந்தனர்; அடுத்த மாதமே விலை 70 ரூபாவாயிற்று. குறைத்தது சரியே என்று அன்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், மீனவருக்கென உதவியைத் தனியே ஒதுக்காது விலையையே அழுத்திவைத்ததன் வட்டியைப் பின்னர் செலுத்தினோம்.

2019 இல் வந்த புதிய அரசாங்கம் சூத்திரத்தைக் கைவிட்டது. 2020 இல் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபொழுது இங்கே குறைக்கப்படவில்லை. அது மீண்டும் ஏற, 2021 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் 137 இலிருந்து 157 ரூபாவாகவும், மண்ணெண்ணெய் 77 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. உடனே நடந்தது விந்தையானது. எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில, ஆளும் கூட்டணியின் சிறு பங்காளிக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர், ஆளும் பொதுஜன பெரமுனவின் செயலாளர் சாகர காரியவசமே! அமைச்சரோ, முடிவு தமது தனி முடிவன்று என்றார். எதிரணியினர் இதனை வாய்ப்பாகக் கொண்டு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொணர்ந்தனர். ஜூலை 20 இல் அது 61 க்கு 152 வாக்குகளால் தோற்றது. விலகச் சொன்ன கட்சியின் பலத்தினாலேயே அமைச்சர் காப்பாற்றப்பட்டார். அரச வங்கிகள் இரண்டுக்கும் கூட்டுத்தாபனம் 3 பில்லியன் டொலருக்கு மேற் கடன்பட்டிருந்த காலம் அது. அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்ற கேள்வி, யாரை நீக்குவது என்ற ஆரவாரத்தில் அமிழ்ந்தது. கெரவலப்பிட்டி மின்நிலையத்தில் அரசின் 40 சதவீதப் பங்கை அமெரிக்கக் கம்பனிக்கு அளிப்பதை எதிர்த்த அதே அமைச்சர், 2022 மார்ச் 3 இல் விமல் வீரவன்சவுடன் பதவி நீக்கப்பட்டார். அம்மாத இறுதியில் நாடு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது.

எங்கள் பகுதியை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2001 இல் ஆளுங்கூட்டணியை விட்டு நீங்கியது. 2010 இல் எதிரணியில் வென்று ஆளுந்தரப்பிற் சேர்ந்தது. 2014 டிசம்பரில் மீண்டும் நீங்கியது. 2018 இல் மண்ணெண்ணெய் 101 ரூபாவானபொழுது அக்கட்சி அமைச்சரவையில் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் சமூகத்தின் பாதுகாப்பு, நிலம், அதிகாரம் எனக் காரணங்கள் கூறப்பட்டன, அவை சிறியனவல்ல. ஆயினும் எரிபொருட் கொள்கையை நிபந்தனையாக முன்வைத்து எக்கூட்டும் செய்யப்பட்டதாக நான் கேட்டதில்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. 2018 இல் 101 ரூபாவைத் தாங்கமாட்டோம் என்று கொதித்த கரையிலே வள்ளங்கள் மணலில் ஏற்றிவைக்கப்பட்டன. 2024 இறுதியில் விலை 200 ரூபாவுக்குள் இறங்கியிருந்தது. அதற்குள் ஆட்சி மீண்டும் கைமாறியிருந்தது. முந்தைய அரசின் விலைகளையும் வரிகளையும் எதிரணியிலிருந்து கண்டித்தோர் ஆட்சியேறினர். மாதந்தோறும் விலை திருத்தும் முறையோ, செப்டெம்பர்த் தேர்தலுக்குப் பின்னும் அவ்வாறே தொடர்ந்தது.