மூன்று நாள் விளம்பரம், ஒரு போன்கூட வரவில்லை

மதுரையில் ஆரி வேலை செய்து தரும் ஒரு பிளவுஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். கடை நடத்தும் அக்காவுக்கு நீங்கள் கூகுள் தேடல் விளம்பரம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் உங்களுக்கு இதுதான் முதல் வேலை. ஒரு நாளைக்கு 200 ரூபாய் பட்ஜெட், ஒரு கிளிக்குக் கிட்டத்தட்ட 10 ரூபாய். மூன்று நாளில் 60 கிளிக் வந்தாயிற்று, 600 ரூபாய் போயாயிற்று. "என்ன தம்பி, ஒரு போனும் வரலையே?" என்கிறார் அக்கா. அவர் சும்மாதான் கேட்கிறார். உங்களுக்கோ வயிற்றைக் கலக்குகிறது. இது நமக்குச் சரிப்பட்டு வராது, பேசாமல் வங்கித் தேர்வுக்கே படித்திருக்கலாம் என்று மனம் ஓடுகிறது.

அந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு சின்னக் கணக்குப் போதும். விளம்பரம் நன்றாகவே இருக்கிறது, கிளிக் செய்கிற 100 பேரில் சராசரியாக 2 பேர் போன் செய்வார்கள் என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கிளிக்கிலும் போன் வராமல் போக 98 சதவீத வாய்ப்பு உண்டு. 60 முறை 0.98-ஐ எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.30 வரும். அதாவது இதே நல்ல விளம்பரத்தை 100 பேர் தனித்தனியாக ஓட்டினால், அவர்களில் சுமார் 30 பேருக்கு முதல் 60 கிளிக்கில் ஒரு போன்கூட வராது. அந்த 30 பேரும் விளம்பரம் போடத் தெரியாதவர்கள் இல்லை. 150 கிளிக்கில் இந்த வாய்ப்பு 5 சதவீதமாக இறங்கும். 200 கிளிக்கில் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே மூன்றாம் நாள் பூஜ்யம் எதையும் சொல்வதில்லை. 200 கிளிக்குக்குப் பிறகும் பூஜ்யமாகவே இருந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் டூல்களைச் சொல்லித் தருகிறார்கள். எத்தனை கிளிக் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. தொடக்கத்தில் தன்மேல் வருகிற சந்தேகத்தில் பாதி, குறைவான எண்ணிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதால் வருவது என்பது என் எண்ணம். அக்காவிடம் முதல் நாளே, "அக்கா, ஒரு எட்டு பத்து நாள், ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரம் ரூபாய் செலவானால்தான் நமக்கே விவரம் தெரியும்" என்று சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் அந்தக் கேள்வியே வந்திருக்காது. வந்திருந்தாலும் உங்களிடம் பதில் இருந்திருக்கும்.

பத்து நாளும் ஆயிற்று, போன் வரவில்லை. இப்போதாவது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாமா? சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதனால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அதில் சரிசெய்ய எதுவும் கிடையாது. 'இந்த 200 பேர் யார்?' என்று கேட்டால் சரிசெய்யக்கூடியது ஏதாவது கையில் அகப்படும். அதற்குக் கூகுள் ஆட்ஸிலேயே ஓர் அறிக்கை இருக்கிறது. உங்கள் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் தேடல் பெட்டியில் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று அது காட்டும். நீங்கள் கொடுத்த கீவேர்டு 'ஆரி ஒர்க் பிளவுஸ்'. வேறு எதுவும் சொல்லாவிட்டால் கூகுள் அதை பிராட் மேட்ச் என்று எடுத்துக்கொண்டு, தொடர்புடையது என்று தனக்குத் தோன்றுகிற தேடல்களுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும். அறிக்கையைத் திறந்தால் 'ஆரி ஒர்க் கிளாஸ் நியர் மீ', 'ஆரி ஒர்க் டிசைன் இமேஜஸ்', 'ஆரி ஊசி விலை' என்று வரிசையாக நிற்கும். கற்றுக்கொள்ள வந்தவர், படம் பார்க்க வந்தவர், ஊசி வாங்க வந்தவர். இவர்கள் ஏன் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறார்கள்? கிளாஸ், இமேஜஸ், ஊசி, ஃப்ரீ ஆகியவற்றை நெகட்டிவ் கீவேர்டாகச் சேர்த்துவிட்டால் அடுத்த வாரப் பணம் அந்தப் பக்கம் போகாது. பத்து நிமிட வேலை.

அடுத்துப் பார்க்க வேண்டியது இடம். மதுரையைத் தேர்ந்தெடுத்தாலும், கூகுள் தானாக வைத்துக்கொள்கிற அமைப்பில் மதுரையில் இருப்பவர்களோடு மதுரைமேல் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்துவிடுவார்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்கு வரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகலாம். 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்ற வேண்டும். பிறகு நேரம். இரவு 11 மணிக்குக் கிளிக் வந்தால் கடை போனை யார் எடுப்பார்கள்?

பகலிலும் அக்கா போனை எடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, கையில் ஊசியும் மடியில் மணியுமாக உட்கார்ந்திருப்பவர் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்காக எழுந்து போகமாட்டார். போன் வந்திருக்கிறது, மிஸ்டு காலாகப் போயிருக்கிறது. விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. நீங்கள் மட்டும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அழைப்புக்குப் பதில் வாட்ஸாப்புக்குத் திருப்பிவிட்டால், அக்கா சாப்பாட்டு நேரத்தில் பார்த்து டிசைன் படம் அனுப்பிவிடுவார்.

இதில் எதற்கும் பெரிய மேதைமை வேண்டாம், கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இன்னொன்று, ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பிளவுஸை ஆடிக் கடைசியில் கொடுத்தால்தான் கைக்கு வரும். எந்த வாரத்தில் பட்ஜெட்டை ஏற்ற வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து உங்களால் சொல்ல முடியும். பெங்களூரு ஏஜென்ஸியில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவருக்கு யாராவது சொன்னால்தான் இது தெரியும். "எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று தயங்குகிற தமிழ்வழி மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டூல்களைக் கையாளுகிற அளவுக்கு ஆங்கிலம் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் எதை எப்படித் தட்டித் தேடுவார் என்பது அவரோடு பழகியவருக்குத்தான் தெரியும்.

சரி, அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுமா? கோளாறுகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான். எந்த விளம்பரம் ஓடும் என்று முன்னதாகச் சொல்வதில் அவர்களும் தடுமாறுகிறவர்களே. 2012-ல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் ஒரு ஊழியர் சிறிய மாற்றம் ஒன்றைச் சொன்னார். விளம்பரத் தலைப்போடு அதற்குக் கீழே இருக்கும் முதல் வரியையும் சேர்த்து, தலைப்பை நீளமாக்கலாம் என்றார். சில நாள் வேலைதான். ஆனால் மேலாளர்களுக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை; ஆறு மாதத்துக்கும் மேலாக அந்த யோசனை கிடப்பில் கிடந்தது. கடைசியில் ஒரு பொறியாளர் பரீட்சித்துப் பார்த்தார். சில மணி நேரத்திலேயே வருமானம் ஏறிய வேகத்தைப் பார்த்து, ஏதோ பிழை என்று எச்சரிக்கை மணி அடித்தது. பிழை இல்லை. வருமானம் 12 சதவீதம் கூடியது, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். அங்கே பரிசோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த ரான் கோஹவி பின்னாளில் எழுதியபோது, கூகுளிலும் பிங்கிலும் நடக்கும் பரிசோதனைகளில் 10 முதல் 20 சதவீதம்தான் நல்ல பலன் தருகின்றன என்றார். அத்தனை படித்தவர்கள் சேர்ந்து யோசித்தும் பத்தில் எட்டு ஒன்பது தேறுவதில்லை.

ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழுவிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆதரவாளர்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்யும் பக்கத்துக்கு நான்கு வகைப் பட்டன், படமும் வீடியோவுமாக ஆறு வகை, ஆக 24 சேர்க்கைகளைப் பரீட்சித்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்குப் பிடித்தது ஒரு வீடியோ. வீடியோக்கள் எல்லாமே படங்களுக்குப் பின்னால் போயின. வென்றது ஒபாமா குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும். பதிவு 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானது. தங்களுக்குப் பிடித்ததையே நம்பிப் போட்டிருந்தால் அந்த வித்தியாசத்தை இழந்திருப்பார்கள்.

இப்படி வெவ்வேறு வடிவங்களை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவதைத்தான் இந்தத் தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்கிறார்கள். எது சரி என்று நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் அதைத் தொடங்கவே முடியும். ஆகவே சந்தேகப்படுகிறவர் தவறான தொழிலுக்கு வந்துவிடவில்லை. அந்தச் சந்தேகம் இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் இருக்கட்டும், உங்கள்மேல் வேண்டாம்.

'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' பற்றியும் ஒரு வார்த்தை, இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசன் இம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இப்படி ஒரு மனநிலையைப் பற்றி எழுதியது, ஏற்கெனவே சாதித்துவிட்ட பெண்களை வைத்து. பட்டம், பதவி எல்லாம் இருந்தும், 'நான் ஏமாற்றுகிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்' என்று நினைத்தவர்கள் அவர்கள். போன மாதம் தொடங்கியவருக்கு 'எனக்கு அவ்வளவாகத் தெரியாது' என்று தோன்றினால் அது நோயில்லை, சரியான கணிப்பு. அதற்கு மருந்து தன்னம்பிக்கைப் பேச்சைக் கேட்பதும் இல்லை. தன் திறன்மேல் ஒருவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் எழுதிய ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலில் வைத்தார். பிறர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் கொடுக்கும் ஊக்கமும் அதற்கு அடுத்துதான். ஐந்தாவது கோர்ஸில் சேருவதைவிட ஒரு கடைக்கு ஒரு விளம்பரம் ஓட்டுவது மேல் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கூகுளின் ஸ்கில்ஷாப் சான்றிதழ் இலவசம், 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஓராண்டு செல்லும். எழுதுங்கள், நல்லதுதான். வேலை தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

பழைய ஆட்கள் எட்டமுடியாத தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றினால் 2023 ஜூலை 1-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிடிக்ஸ் அன்றுதான் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. வருடக்கணக்காக அதிலேயே ஊறியவர்களும் அதன் இடத்துக்கு வந்த ஜிஏ4-இல் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

லிங்க்டுஇன்னில் வரும் 'ஐந்து மடங்கு ஆர்ஓஏஎஸ்' (விளம்பரச் செலவுக்கு எத்தனை மடங்கு விற்பனை) ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்துச் சோர்ந்துபோவதும் வேண்டாம். ஐந்து மடங்கு என்றால் 100 ரூபாய் விற்பனைக்கு 20 ரூபாய் விளம்பரச் செலவு. சேலை விற்பவருக்கு அந்த 100 ரூபாயில் விளம்பரச் செலவுக்கு முன் கைக்கு நிற்கும் லாபம் 15 ரூபாய் என்றால், ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் 5 ரூபாய் நஷ்டம். கேஷ் ஆன் டெலிவரியில் போய் வாங்காமல் திரும்பி வரும் பார்சல்களின் கூரியர் செலவு இதற்கு மேல். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் லாபக் கணக்கு இருக்காது.

ஒரு பயம் மட்டும் நியாயமானது, அதைப் போக்கவும் கூடாது. அடுத்தவர் பணத்தைச் செலவழிக்கிறோம் என்ற பயம். அதற்கு வேண்டியது வரம்பு. நாளுக்கு 200 என்று வைத்தாலும் சில நாள் 400 வரை போகலாம், கூகுளின் ஏற்பாடு அப்படி; மாதத்துக்கு 30.4 நாள் கணக்கில் 6,080 ரூபாயைத் தாண்டாது. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்த மூன்றையும் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இத்தனை கிளிக்குக்குப் பிறகும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்று ஓர் எண்ணையும் முன்பே பேசி வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. ஒரு பிளவுஸில் 300 ரூபாய்தான் மிஞ்சுகிறது, ஓர் ஆர்டருக்கு 500 ரூபாய் விளம்பரம் ஆகிறது என்றால் சரிசெய்து பார்க்கலாம். பிறகும் குறையவில்லை என்றால், "அக்கா, இது வேண்டாம், கூகுள் மேப்பில் கடையைச் சரியாக ஏற்றி, வந்துபோகிறவர்களிடம் ரிவ்யூ கேட்போம்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குக் காசு இல்லை. அப்படிச் சொன்னவரைத்தான் அக்கா பக்கத்துக் கடைக்காரரிடம் அனுப்பிவைப்பார்.

கூலி கேட்கக் கூச்சமாக இருக்கும், எல்லோருக்கும் இருந்ததுதான். விளம்பரச் செலவு வேறு, உங்கள் கூலி வேறு என்று பிரித்துச் சொன்னால் கூச்சம் பாதி குறையும். கூகுள் ஆட்ஸ் கணக்கை அக்காவின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், பணமும் அவரே கட்டட்டும், உங்களுக்கு நிர்வாக அனுமதி மட்டும் போதும். நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் எந்தத் தேடலுக்கு ஆர்டர் வந்தது என்ற விவரம் கடையிலேயே இருக்கும்.