கணக்கில் வராத காற்று

வணிகர்கள் பலரும் சரக்கு எடுத்துவர ஒரு பெட்ரோல் வேன் வைத்திருக்கிறோம். காலையில் மண்டிக்குப் புறப்படும் நேரத்தில் அது ஐடிலிங்கில் நிற்காமல் குலுங்கி அணைந்துவிடும். பிளக்கை மாற்றுகிறோம், கார்பரேட்டரைக் கழுவுகிறோம். செலவு ஏறுகிறதே தவிர, குறை தீர்வதில்லை. பல வேளைகளில் காரணம் ஒரு சிறு ரப்பர் குழாயின் வெடிப்பாகவே இருக்கும். 'ஏர் இழுக்கிறது' என்பார்கள் மெக்கானிக்குகள்.

ஐடிலிங்கில் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். நல்ல எஞ்சினில் வேக்குவம் கேஜின் முள் பெரும்பாலும் 17 முதல் 22 அங்குல பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்கும். எங்கே ஓட்டை இருந்தாலும் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகும். தராசில் ஏறாமல் கிடங்கில் சரக்கு இறங்கினால் இருப்புக் கணக்கு உதைக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். காற்று கூடி, அதற்கேற்ற பெட்ரோல் சேராததால் எஞ்சின் தடுமாறுகிறது. வேகம் கொடுத்தால் குறை மறைந்தாற்போல் தோன்றும்; ஏனெனில் அப்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் ஓட்டைக் காற்றின் பங்கு சொற்பமே.

கண்டுபிடிப்பது எப்படி?

1. எஞ்சினை அணைத்து, ஆறியபின் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பும் கழன்ற முனையும் தெரிந்துவிடும்.

2. ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒரு நீளக் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுசெல்லுங்கள். ஓட்டை இருக்குமிடத்தில் 'உஸ்' என்று கேட்கும். விசிறி, பெல்ட் பக்கம் கை போகக் கூடாது.

3. மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் சோப்பு நீரைச் சிறிது தெளியுங்கள். ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான். பிளக் வயர்கள் நனைய வேண்டாம். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள், தீப்பிடிக்கும்.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை மறக்கவே கூடாது. அதில் கசிவு இருந்தால் பெடல் கல்லாக இறுகும். சுமையேற்றிய வண்டியை நிறுத்தப் பலமாக மிதிக்க வேண்டிவரும். எஞ்சினை அணைத்துப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு அதை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால், அன்று லோடு ஏற்றாமல் பணிமனைக்குச் செல்வதே நலம்.

சரக்கு ஒரு நாள் தாமதமாக வரலாம். ஓட்டுபவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.